ஆக்ஸை எண்ணி மிக்சர் வாங்கு

சாத்தூர்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. தாயில்பட்டியில் சொந்தமாக மைக் செட் போடப் போகிறாய், பாக்ஸும் ஆம்பும் வாங்கியாயிற்று, மிக்சர்தான் பாக்கி என்று அக்கா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். 12 சேனல் போதுமா, 16 வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். நீ எந்த ஆர்டர் பிடிக்கப் போகிறாய் என்பதை வைத்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம் என்றால் மைக் இரண்டு, பாட்டுப் போட ஒரு ஜாக். எந்தச் சின்ன மிக்சரும் தாங்கும். ஆனால் நம் பக்கம் கோயில் பொங்கல் வந்தால் நாடகம் கேட்பார்கள். வள்ளி திருமணத்துக்கு எத்தனை மைக் என்று விரல் விட்டு எண்ணு. ஹார்மோனியத்துக்கு 1, ஹார்மோனியக்காரர் பின்பாட்டுப் பாட 1, மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் 2, ஆல்ரவுண்ட் வாத்தியத்துக்கு 1, தாளத்துக்கு 1, நடிகர்கள் நின்று பேச முன்மேடையில் 2. ஆக மொத்தம் 8. பபூன் கையில் கார்ட்லெஸ் கேட்டால் 9.

இப்போது கடையில் இருக்கும் மிக்சரைப் பார். யமஹா எம்ஜி12எக்ஸ்யூ 12 சேனல்தான். ஆனால் மைக் சொருக 6 இடமே உண்டு. மீதி லைன் ஜாக். கீபோர்டு, லேப்டாப்புக்கு ஆகும், மைக்குக்கு ஆகாது. எம்ஜி16எக்ஸ்யூ-வில் மைக்குக்கு 10 இடம். எந்தக் கம்பெனி மிக்சரானாலும் மேலே எழுதியிருக்கும் எண்ணை நம்பாதே. மூன்று துளை உள்ள எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டைக் கையால் தொட்டு எண்ணு.

அடுத்து எண்ண வேண்டியது ஆக்ஸ், அதாவது மேடையில் இருப்பவர்கள் கேட்கும் மானிட்டர் பாக்ஸுக்கும் எக்கோவுக்கும் தனியாகச் சத்தம் அனுப்பும் வழி. இளவட்டங்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊருக்குப் பாடல் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், மேடையில் பாடுகிறவருக்கு முதலில் சுதி கேட்க வேண்டும். நாயக வேடம் போடும் ராஜபார்ட் திரைக்குள் நின்றபடியே முதல் பாட்டை எடுப்பார். ஹார்மோனியம் மேடையின் ஓரத்தில் இருக்கும். ராஜபார்ட் காதுக்கு அதன் சுதி எட்டாவிட்டால் எப்பேர்ப்பட்ட பாட்டுக்காரரும் தடுமாறுவார். ஆகவே திரைக்குப் பின்னால் ஒரு மானிட்டர், முன்மேடையில் ஒன்று, பக்கவாத்தியத்துக்கு ஒன்று. மூன்றிலும் கேட்க வேண்டியது வேறு வேறு. திரைக்குப் பின்னால் ஹார்மோனியம் தூக்கலாக வேண்டும், பக்கவாத்தியக்காரருக்குப் பாட்டு தூக்கலாக வேண்டும். அப்படியானால் மூன்று ஆக்ஸ். அந்த யமஹா 12 சேனலில் இருப்பதே இரண்டு. அதிலும் ஒன்று எக்கோவுக்குப் போய்விடும். 16-ல் நான்கு, எக்கோ போக மூன்று மீதம். என் யோசனை 16 என்பது இந்தக் கணக்கால்தான்.

ஆக்ஸ் நாபுக்குப் பக்கத்தில் 'ப்ரீ' பட்டன் எதெதற்கு இருக்கிறது என்றும் பார். ப்ரீயில் வைத்தால், நீ சேனலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பேடரை ஏற்றி இறக்கினாலும் மானிட்டரில் அளவு மாறாது. அந்தப் பட்டனை அமுக்காமல் போஸ்டில் விட்டால், முன்னால் விசிலடிக்கிறதே என்று நீ பேடரை இறக்கும்போது பாடுகிறவர் காதிலும் சத்தம் செத்துவிடும். மானிட்டருக்கு ப்ரீ, எக்கோவுக்கு போஸ்ட். மறக்காதே.

டேப்லெட்டில் இயக்கும் டிஜிட்டல் மிக்சர் மீது உனக்கு ஆசை இருக்கும். பெரிங்கர் எக்ஸ்ஆர்18 நல்ல சரக்குதான். மைக் 16, ஆக்ஸ் 6, கூட்டத்துக்கு நடுவில் நின்றே சரி செய்யலாம். ஆனால் அதன் உள்ளே இருக்கும் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். திருவிழாக் கூட்டத்தில் ஆளுக்கொரு போன் இருக்கும்போது அது திணறும். வாங்குவதானால் 5 கிகாஹெர்ட்ஸ் ரௌட்டரும், ஆபத்துக்கு லேன் கேபிளும் லேப்டாப்பும் சேர்த்தே வாங்கு. முதல் மிக்சருக்கு, விசிலடித்த நொடியில் கை போய்ப் பிடிக்கிற பேடர் இருப்பதே நல்லது.

வெளியே அடாப்டர் தொங்கும் மிக்சரைத் தவிர். அது தொலைந்தாலோ புகைந்தாலோ நடு ராத்திரியில் சாத்தூரிலும் கிடைக்காது, சிவகாசியிலும் கிடைக்காது. கரிசல் புழுதி பேடரைக் கரகரக்க வைக்கும். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடு.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீ இருப்பது பட்டாசு ஊர். வெடிக்கே சட்டத்தில் அளவு உண்டு: 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒலிபெருக்கிக்கும் 2000-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. விழாவுக்கு அரசு தளர்த்தினாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. விழாக் கமிட்டிக்காரர்கள் வற்புறுத்தினாலும் அனுமதிச் சீட்டைப் பார்க்காமல் ஆம்பைப் போடாதே. பகலெல்லாம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்துவிட்டு வந்து உட்காரும் சனம் அது. அவர்களுக்கு வசனத்தின் ஒவ்வொரு சொல்லும் புரிய வேண்டும். காது அடைக்கக் கூடாது. பேச்சு மைக்குக்கெல்லாம் அடித்தொனியை வெட்டும் லோ கட் பட்டனை அமுக்கு. மைக் உள்ளே வரும் அளவான கெயினை முதலில் சரி செய்துவிட்டு பேடரைத் தொடு. பாதிக் குறை அதிலேயே தீரும்.

கடைக்குப் போகும்போது உன் மைக் ஒன்றும் மானிட்டர் இரண்டும் கொண்டு போ. இரண்டு மானிட்டரிலும் வேறு வேறு அளவில் உன் குரலை வரவழைத்துக் காட்டச் சொல். ஒவ்வொரு பேடராக ஏற்றி இறக்கிக் கரகரப்பு கேள். அதற்குப் பிறகு விலை பேசு.

இப்படிக்கு,
உன் மாமா