கிரான் டூரிஸ்மோ ஆடுகிறீர்களா?

நிஜப் பந்தயத் தடம் பார்க்க விருத்தாசலத்துக்காரர்கள் இருங்காட்டுக்கோட்டைக்கோ, கோவை செட்டிபாளையத்துக்கோ போக வேண்டும். ஒரு முழு நாள் போய்விடும். வீட்டிலேயே ‘கிரான் டூரிஸ்மோ 7’ கார் பந்தய வீடியோ கேம் ஓட்டுபவர்களுக்குச் சில குறிப்புகள்:

● ஏபிஎஸ்ஸை ஆஃப் செய்யாதீர்கள். செய்தால், அழுத்தி பிரேக் பிடித்ததும் சக்கரம் பூட்டிக்கொண்டு, ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகும். டிராக்‌ஷன் கன்ட்ரோலை 3-ல் வைத்துத் தொடங்கி, கை பழகப் பழகக் குறையுங்கள். தானாக பிரேக் போடும் வசதியை மட்டும் சீக்கிரமே நிறுத்திவிடுங்கள். அது இருக்கும்வரை எந்த இடத்தில் பிரேக் மிதிப்பது என்பது பிடிபடவே பிடிபடாது.

● காசு சேர்ந்ததும் எல்லோரும் டர்போ வாங்கத்தான் ஓடுகிறார்கள். வீண் செலவு! முதலில் நல்ல டயர், அப்புறம் பிரேக், எடைக் குறைப்பு. எஞ்சின் கடைசியில் போதும். டயர், டர்போ என்று மாற்ற மாற்ற, காரின் திறனைக் காட்டும் ‘பிபி’ எண்ணும் ஏறும். பந்தய வரம்பைத் தாண்டிவிட்டால் பவர் ரெஸ்ட்ரிக்டர் மாட்டியோ, பேலஸ்ட் எடை ஏற்றியோ இறக்கிக்கொள்ளலாம்.

● லைசென்ஸ் தேர்வில் வெண்கலம் கிடைத்தாலே அடுத்ததற்குப் போகலாம். தங்கம்தான் வேண்டுமென்றால் முதலில் டெமோவைப் பாருங்கள். அதில் வளைவுக்கு முன்பே, கார் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். வெளியே வரும்போதுதான் ஆக்ஸிலேட்டர்.

● பந்தயத்தின் நடுவே கரண்ட் போனால் ஓட்டியது அத்தனையும் போச்சு. யுபிஎஸ் இல்லாத வீட்டில், மழைக்காலத்தில் நீண்ட பந்தயம் ஆரம்பிக்காதீர்கள்.