மழை விட்ட மறுநாள் உஷார்!

‘சனி, ஞாயிறு ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மிதமான மழை. திங்கள் முதல் வெப்பநிலை இரண்டு, மூன்று டிகிரி உயரும்.’ இப்படி ஒரு வானிலை அறிக்கை வந்தால் நாமெல்லாம் முதல் பாதியைக் கேட்டுவிட்டு, ‘அப்பாடா!’ என்று எழுந்து போய்விடுகிறோம். உடம்பைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது இரண்டாம் பாதியைத்தான்.

மரக்காணம் கரையோரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் இது அடிக்கடி நடப்பது. மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடற்காற்று தாமதித்து வரும். பகலெல்லாம் கொதிக்கும். சாயங்காலம் மேகம் திரண்டு கொட்டிவிட்டுப் போகும். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்குள்ள உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அது கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. கோடை மழைக்குப் பிறகு வரும் வெப்பம் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து.

உப்பளம் சொல்லும் பாடம்

பாத்தியில் விட்ட உவர்நீர் வெறும் வெயிலால் காய்வதில்லை. உலர்ந்த காற்றும் வேண்டும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால், வெயில் சுள்ளென்று அடித்தாலும் பாத்தி மந்தமாகத்தான் காயும். நம் தோலும் அந்தப் பாத்தி மாதிரிதான். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காயாமல் வழிந்தால் உப்பும் நீரும்தான் நஷ்டம், சூடு அப்படியே உள்ளே தங்கும். 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால், உடம்புக்கு ஏறக்குறைய 40 டிகிரி போல இருக்கும்.

மழைநீர் கலந்த பாத்தியை வடித்து, சீர்செய்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள் உப்பளத் தொழிலாளர்கள். விட்டுப்போன கூலியை ஈடுகட்டும் அவசரம் வேறு. ஒதுங்க மறைவிடம் இல்லாத இடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெப்பத்தால் உப்பளத் தொழிலாளர்களின் சிறுநீரகம் பாதிக்கப்படுவதைத் தமிழகத்தில் நடந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

‘நமக்கென்ன, நிழலில்தானே இருக்கிறோம்’ என்று நினைக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் கழிவறை சரியில்லை என்று உங்கள் பெண்ணும் இதையேதான் செய்கிறாள். கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் சாயங்காலம் நிரம்பியபடியே திரும்பி வந்தால், கோபிக்காமல் காரணம் கேளுங்கள். அடுப்படியில் நிற்பவரும், மொட்டை மாடிக்குக் கீழே படுத்திருக்கும் தாத்தாவும் இதே கணக்கில்தான் வருகிறார்கள்.

சித்த மருத்துவம் சொல்வது

முதுவேனிலில் உடம்பின் நீர்ப்பசை வற்றி, வாதம் தன்னிலையில் வளர்கிறது. கார்காலத்தில் மழைக்குளிர் சேர்ந்ததும் அது வேற்றுநிலைக்குப் போகிறது. வார இறுதி மழையை ஒரு குட்டிக் கார்காலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கும், பசி மந்தமாகும். எனவே,

1. மழை பெய்யும் இரண்டு நாளும் சூடான, எளிதில் செரிக்கும் உணவு போதும். மிளகு ரசம், சுக்குக் காபி நல்லது. பஜ்ஜி, போண்டாவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

2. திங்கள் முதல் நீராகாரம், உப்பிட்ட நீர்மோர், பானகம், வெட்டிவேர் ஊறிய தண்ணீர். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்று அர்த்தம்.

3. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மோரில் உப்பைச் சேர்க்காதீர்கள். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது. எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. மழைக்குப் பின் குடிநீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள். குழந்தைக்குப் பேதியானால், ஒரு லிட்டர் நீரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். குழந்தை சோர்ந்து துவண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

5. தேங்கிய மழைநீரில் டெங்கு கொசு ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும். வெப்பம் கூடினால் இன்னும் சீக்கிரம். அடுத்த சனிக்கிழமை வருவதற்குள் பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

கஷாயம் வேண்டாம், 108 வேண்டும்

வெப்பத்தில் இருந்தவர் பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ அது வெப்பப் பக்கவாதமாக இருக்கலாம். தோல் காய்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, வியர்வையோடும் வரும். உடனே 108-ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். சித்த வைத்தியனாகிய நானே சொல்கிறேன்: அந்த நேரத்தில் அடுப்பில் கஷாயம் ஏற்றக் கூடாது.

இனி வானிலை அறிக்கையைக் கடைசி வரி வரை கேளுங்கள். ‘அதிக வெப்பநிலையும் ஈரப்பதமும் இருப்பதால் அசௌகரியம் ஏற்படலாம்’ என்று சொன்னால், அன்றைக்கு மோர்ப்பானை நிறைந்திருக்கட்டும். வாசலில் வேலை செய்கிறவருக்கும் ஒரு சொம்பு கொடுங்கள்!