கந்தரோடையின் காலமும் ஒரு பனம்பழமும்

நம்பிக்கை: குவாண்டம் பௌதிகவியலில் எல்லாமே தற்செயல், அதைக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சுண்ணாகத்துக்குப் பக்கத்திலுள்ள கந்தரோடையைச் சாட்சிக்கு அழைக்கிறேன். 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தினர் அங்கே அகழ்ந்தார்கள். கிடைத்தவற்றின் காலம் காபன்-14 கொண்டு கணிக்கப்பட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்று பெருமையோடு சொல்கிறோமே, அந்தக் கணக்கு நிற்பதே தற்செயலின் மேல்தான்.

உயிருள்ள மரத்தின் ஒரு கிராம் காபனில் ஏறக்குறைய 6,000 கோடி காபன்-14 அணுக்கள் உண்டு. நிமிடத்துக்குச் சராசரியாக 14 அணுக்கள் இலத்திரனை வெளிவிட்டு நைதரசனாகும். எந்தப் பதினான்கு? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மரம் பட்டு 2,500 ஆண்டு போனால் 14 என்பது 10 ஆகும். 5,730 ஆண்டில் பாதியாகி 7. காலக்கணிப்போடு ஆய்வாளர் போடும் கூட்டல் கழித்தல் குறியில் தற்செயலுக்கும் பங்கு உண்டு. 10,000 சிதைவுகளை எண்ணினால் 100 அளவில் கூடலாம், குறையலாம்; ஆண்டுக்கணக்கில் அது சுமார் 80.

நம்பிக்கை: அணுவுக்குள் காரணம் ஒளிந்திருக்கிறது, தெரியாததைத்தான் தற்செயல் என்கிறோம்.

ஆவணியில் பனங்காணிக்குள் நிற்பவருக்கு இது நியாயமாகவே படும். எந்தப் பழம் எப்போது விழும் என்று தெரியாது. ஆனால் கனிவையும் காற்றையும் பார்த்து ஓரளவு சொல்லலாம். காபன்-14 அணுவின் கருவுக்குக் கனிவே இல்லை. நேற்று உருவான கருவுக்கும் ஐயாயிரம் ஆண்டு கிடந்த கருவுக்கும் அடுத்த நிமிடம் சிதைய ஒரே வாய்ப்புத்தான். முதுமை இல்லாத சாவு. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஒளிந்த காரணத்தை யாரும் தேடாமல் விடவில்லை. சோதனையால் தீர்க்கும் வழியைப் பௌதிகவியலாளர் ஜோன் பெல் 1964இல் காட்டினார். அத்தகைய சோதனைகளைச் செய்த அஸ்பே, குளவுசர், சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு கிடைத்தது. இரட்டையாய்ப் பிறக்கும் ஒளித்துணிக்கைகள் புறப்படும்போதே விடையை மடியில் கட்டிக்கொண்டு போகின்றன என்ற விளக்கம் தோற்றது. எல்லாம் முன்பே தீர்மானமானது என்னும் டேவிட் போமின் 1952ஆம் ஆண்டுக் கொள்கையோ தோற்கவில்லை. ஆனால் அது சரியாக இருக்க, தொலைவில் நடப்பது இங்கே இருப்பதை அந்தக் கணமே பாதிக்க வேண்டும்.

நம்பிக்கை: அப்படியானால் மனத்தால் நினைத்துத் தலையெழுத்தை மாற்றலாம்.

மாற்ற முடியாது. அடுப்பில் போட்டு எரித்தாலும் காபன்-14 கரு சிதையும் வேகம் மாறாது. கந்தரோடை மண்ணுக்குள் இரண்டாயிரம் மாரியும் கோடையும் கழிந்தன; பாதியாக எடுக்கும் 5,730 ஆண்டு அப்படியே இருக்கிறது.