தமக்கென்று கேளாத தூது

திருக்குறளில் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. அங்கே கூறப்படுவது வேந்தன் பொருட்டு மற்றொரு வேந்தனிடம் செல்லும் தூது. மக்களாட்சிக் காலத்தில் வேறொரு தூதும் தோன்றியது. குடிமக்களில் ஒரு சாரார் சங்கம் அமைத்து, விவரம் அறிந்தவரை அரசினரிடம் அனுப்பித் தம் கோரிக்கையை எடுத்துரைக்கச் செய்வதே அது. இதன் இயல்பை 1945-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு ஆராய்வோம்.

ருஷ்யப் பேரரசில் யூதர்கள் வன்கொடுமைக்கு ஆளானதைக் கண்டு, அமெரிக்க யூதர் சிலர் 1906-இல் ‘அமெரிக்க யூதக் குழு’ என்னும் அமைப்பை நிறுவினர். முதல் உலகப் போருக்குப்பின் சிறுபான்மையோரைக் காக்கச் சில நாடுகளோடு தனி ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. அவை நிலைக்கவில்லை. ‘எங்களுக்கு மட்டும் ஏன் இக்கட்டு?’ என்று அந்நாடுகள் வெறுத்தன; போலந்து 1934-இல் அதனை உதறியது. ஜெர்மனியிலோ 1935-இல் யூதரின் குடியுரிமை சட்டத்தாலேயே பறிக்கப்பட்டது. பின்னர் நாஜிகளால் ஏறத்தாழ அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர்.

இத்துன்பத்திலிருந்து குழுவின் தலைவர்கள் ஒரு பாடம் கற்றனர். ஒருவருக்கு மட்டும் அளித்த பாதுகாப்பு எளிதில் பறிபோகும். எல்லோருக்கும் பொதுவான உரிமைக்கே வலிமை மிகுதி. ஆகவே 1944 டிசம்பரில் மனித உரிமை அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். பல சமயத்தைச் சேர்ந்த அமெரிக்கப் பெருமக்கள் ஆயிரவருக்கு மேற்பட்டோர் அதில் கையொப்பமிட்டனர்.

அதே ஆண்டு டம்பார்டன் ஓக்ஸ் மாளிகையில் வல்லரசுகள் ஐக்கிய நாடுகள் அவைக்கு வரைந்த திட்டத்தில், ‘மனித உரிமை’ என்னும் சொல் ஒரே ஓரிடத்தில்தான் இருந்தது. அதனை இறுதி செய்ய 1945 ஏப்ரல் 25-இல் சான்பிரான்சிஸ்கோவில் மாநாடு கூடியது. அமெரிக்க அரசு 42 பொது அமைப்புகளின் பிரதிநிதிகளை ஆலோசகர்களாக அழைத்திருந்தது. யூதக் குழுவின் சார்பில் முன்னாள் நீதிபதி ஜோசப் பிராஸ்கவரும், எண்ணெய் வணிகர் ஜேக்கப் பிளாஸ்டீனும் சென்றனர்.

திருத்தங்களைக் கொடுக்க மே 4-ஆம் நாளே கடைசி நாள். அமெரிக்கத் தூதுக்குழு இதில் ஊக்கம் காட்டவில்லை என்று ஆலோசகர்கள் அறிந்தனர். மே 2-ஆம் நாள், கிறிஸ்தவத் திருச்சபைகளின் பிரதிநிதி பிரடெரிக் நோல்டே முதலியோருடன் கூடி அவசரமாக ஒரு மகஜர் எழுதிக் கையொப்பம் திரட்டினர். மாலையில் வெளிநாட்டு மந்திரி எட்வர்ட் ஸ்டெட்டினியஸைக் கண்டனர். ‘இதற்காகப் போராடி வென்றால் புகழ் உண்டு, தோற்றாலும் நாங்கள் துணை நிற்போம், போராடாமலே விட்டால் மக்களின் ஆதரவை இழப்பீர்கள்’ என்னும் கருத்துப்படப் பிராஸ்கவர் பேசினார். மறுப்பவர் உண்டா என்று அவையை நோக்கிக் கேட்டார். தொழிற்சங்கத் தலைவர் பிலிப் மர்ரி எழுந்து, தாம் கையொப்பமிடாவிடினும் முழுமையாக உடன்படுவதாகக் கூறினார். மந்திரி மனம் மாறித் தம் குழுவினரிடம் சென்றார்.

ஜூன் 26-இல் கையொப்பமான சாசனத்தில் மனித உரிமை ஏழு இடங்களில் இடம்பெற்றது. மனித உரிமை ஆணைக்குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று 68-ஆவது விதி கூறியது. எல்லாம் அந்த ஒரு பேச்சின் பயன் என்பது மிகை. லத்தீன் அமெரிக்க நாடுகள் முதலிய பலவும் அதனையே வற்புறுத்தின. அவ்வாணைக்குழுவை அமைத்த பொருளாதார சமூக மன்றத்தின் முதல் தலைவராக 1946-இல் அமர்ந்தவர், இந்தியாவின் சார்பில் சாசனத்தில் கையொப்பமிட்ட நம் ஆர்க்காடு இராமசாமி முதலியார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

ஆயினும் வெற்றி முழுமையாகவில்லை. ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடலாகாது என்னும் விதியும் அதே சாசனத்தில் இருந்தது. தனி மனிதர் அனுப்பும் முறையீடுகளின்மேல் நடவடிக்கை எடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று ஆணைக்குழுவே 1947-இல் கூறிவிட்டது. மனித உரிமைக்கென உயர் ஆணையர் ஒருவர் வேண்டும் என்று பிளாஸ்டீன் 1963-இல் வாதிட்டார். 1970-இல் அவர் மறைந்தார். அப்பதவி 1993 டிசம்பரில்தான் உருவாயிற்று. விதைத்தவர் கனியைக் காணவில்லை. விதைத்தது வீணாகவும் இல்லை.

நண்பர்களே, இப்பல்கலைக்கழகத்தில் நாமும் சிறு தொகையினரே. நாளை நம் சங்கமும் ஒரு மகஜர் எடுத்துச் செல்ல நேரிடலாம். விடுதியில் நமக்கு மட்டும் சோறும் சாம்பாரும் கேட்டால் அது சலுகை. அடுத்த காப்பாளர் வந்ததும் மறையலாம். எல்லா மாநில மாணவர்க்கும் அவரவர்க்கு ஏற்ற உணவு கேட்டால், வங்காளியும் மலையாளியும் பஞ்சாபியும் நம்மோடு கையொப்பமிடுவர். கடைசி நாள் எது, முடிவு செய்பவர் யார் என்பதை முன்னரே அறிந்துகொள்வோம். செல்லுமுன், ‘நாம் கேட்பதைப் பிறர்க்கும் கேட்கிறோமா?’ என்று நம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.