வாடகை வீடும் குழித்தறியும்

குழி வெட்டித் தறி நாட்டிய வாடகை வீட்டைத் திடீரெனக் காலி செய்ய நேரின், நெசவாளிக்கு வீட்டோடு கூலியும் போய்விடும். ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் அங்கத்தினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1960ஆம் ஆண்டுச் சட்டப்படி நியாய வாடகையை வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரி நிர்ணயிக்க இடமிருந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அமலிலுள்ள 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வழி இல்லை. பேசி எழுதிக்கொண்டதே வாடகை. ஆகவே ஒப்பந்தம் எழுத்தில் இருத்தலும், வாடகை அதிகாரியிடம் பதிவு பெறுதலும் இன்றியமையாதன. மாறான உடன்பாடு இல்லையெனில், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிஞ்சலாகாது. ‘மாறான உடன்பாடு’ பத்திரத்தில் ஒரு வரியாக ஒளிந்திருக்கக்கூடும். கையொப்பத்திற்கு முன் அதனைத் தேடுக.

தறிக்குழி வெட்ட அனுமதி உண்டா, காலி செய்கையில் அதனை மூடுவது யார் செலவு என்பனவற்றையும் எழுதிக்கொள்ளல் நன்று. வாசிக்க இயலாதோர் பத்திரத்தைச் சங்க அலுவலகத்திற்குக் கொணர்ந்து வாசிக்கச் செய்யலாம்.