தேர்வுக்கும் பயிற்சிக்கும் இடையே: இராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு ஆயத்தமாதல்

மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் வெளியிடும் தகுதிப் பட்டியலில் தம் பெயரைக் காணும் இளைஞர், தமது முயற்சி நிறைவேறிவிட்டதாக எண்ணுவது இயல்பே. எழுத்துத் தேர்வு, ஐந்து நாட்கள் நீடிக்கும் தேர்வு வாரியத்தின் சோதனைகள், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றைக் கடந்து வந்தவர் சற்று ஓய்வை விரும்புவதில் வியப்பில்லை. ஆயினும், பட்டியல் வெளியாவதற்கும் பயிற்சி நிலையத்தின் வாயிலில் அவர் பெட்டியுடன் வந்து நிற்பதற்கும் இடையே உள்ள சில வாரங்கள், அடுத்து வரும் பல மாதங்களின் போக்கைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. தேர்வுக்கான வழிகாட்டி நூல்கள் இந்த இடைவெளியைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை.

நம் நாட்டில் இராணுவ அதிகாரிகளை உருவாக்கும் நிலையங்கள் பல. பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் புனே அருகிலுள்ள கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் மூன்றாண்டுகள் பயில்கின்றனர். 1949-இல் டேராடூனில் முப்படைப் பிரிவாகத் தொடங்கப்பட்ட அந்த ஏற்பாடு, 1955 ஜனவரியில் கடக்வாஸ்லாவில் முறையாகத் தொடங்கி வைக்கப்பட்ட கழகமாக வளர்ந்தது. தரைப்படையைத் தேர்ந்தெடுப்போர் அதன்பின் 1932-இல் நிறுவப்பட்ட டேராடூன் இந்திய இராணுவக் கழகத்தில் மேலும் ஓராண்டு பயில்வர். பட்டதாரிகளுக்கு டேராடூனின் வாயில் நேரடியாகவும் திறந்துள்ளது. குறுகிய காலப் பணிக்குத் தேர்வு பெறுவோருக்குரிய சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகம், 1963-இல் பரங்கிமலைப் பகுதியில் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கியது. அதன் பயிற்சிக் காலம் 49 வாரங்கள். அங்கு 1992 முதல் பெண்களும் பயில்கின்றனர். கடக்வாஸ்லாவில் பெண்கள் சேர்ந்தது 2022-இல். முதல் அணியினர் 17 பேர் 2025 மே மாதம் தேறி வெளிவந்தனர்.

தேர்வு என்ற சொல்லின் பொருள்

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். தேர்வு வாரியம் ஒருவரைப் பரிந்துரைப்பது ஒன்று. அவர் பெயர் தகுதிப் பட்டியலில் இடம்பெறுவது மற்றொன்று. காலியிடங்களின் எண்ணிக்கைக்கும் மருத்துவத் தகுதிக்கும் உட்பட்டுச் சேர்க்கைக் கடிதம் கிடைப்பது மூன்றாவது. வாரியத்தின் பரிந்துரை கிடைத்த மகிழ்ச்சியில், இருக்கின்ற வேலையை விட்டுவிட்டோ, மேற்படிப்புக்குரிய இடத்தைத் துறந்துவிட்டோ காத்திருந்து, பட்டியலின் கடைசி வரிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டவர்கள் உண்டு. எனவே சேர்க்கைக் கடிதம் கைக்கு வருமுன் திரும்பப் பெற முடியாத முடிவு எதனையும் எடுத்தல் கூடாது.

கடிதம் வந்தபின் பெற்றோர் கையொப்பமிட வேண்டிய பத்திரங்கள் சில உள்ளன. தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் தங்குமிடம், உணவு, சீருடை, நூல்கள், மருத்துவம் ஆகிய செலவுகளை அரசே ஏற்கிறது. கைச்செலவு மட்டுமே குடும்பத்தைச் சார்ந்தது. அதையும் தாங்க இயலாத குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்க வழிவகை உண்டு. டேராடூனிலும் சென்னையிலும் பயில்வோருக்கோ, ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி மாதம் ரூ.56,100 நிலையான உதவித்தொகையாக நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் தமது கட்டுப்பாட்டிற்குட்பட்ட காரணங்களால் பயிற்சியை இடையில் கைவிடுபவர், பயிற்சிச் செலவைத் திருப்பிச் செலுத்தும் கடப்பாடு உடையவர். கிராமப்புறக் குடும்பங்களில் இப்பத்திரம் பெரும்பாலும் படிக்கப்படாமலே கையொப்பமிடப்படுகிறது. ஒருவேளை மகனுக்கோ மகளுக்கோ அந்த வாழ்க்கை ஒவ்வாமற் போனால் என்ன ஆகும் என்பதைக் குடும்பத்தினர் ஒன்றாக அமர்ந்து பேசுவதற்குரிய நேரம் இதுவே.

உடலின் கணக்கு

ஆயத்தத்தின் பெரும்பகுதி உடலைச் சார்ந்தது. பல ஆண்டுகளாகத் தேர்வு அறிவிப்புகள் கூறிவந்த குறைந்தபட்ச அளவு, 2.4 கிலோமீட்டரை 15 நிமிடங்களில் ஓடுதல், 13 தண்டால், 6 முறை கம்பியில் தொங்கி உடலை உயர்த்துதல் என்ற வகையில் எளியதாகவே இருந்தது. அண்மைக்கால இராணுவ அறிவிப்புகளில் அதே தொலைவு 10 நிமிடம் 30 விநாடி என்றும், தண்டால் 40 என்றும் உயர்ந்திருக்கிறது. நீச்சலின் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும் என்றும் அவை அறிவுறுத்துகின்றன. கணக்கிட்டுப் பார்த்தால், முன்பு ஒரு கிலோமீட்டருக்கு ஆறேகால் நிமிடம் போதுமானதாக இருந்தது. இப்போது ஏறத்தாழ நான்கு நிமிடம் 22 விநாடியில் அதைக் கடந்தாக வேண்டும். தேர்வு நூல்களுடன் ஓராண்டு மேசையில் அமர்ந்திருந்தவருக்கு இது சிறிய தாவல் அன்று.

இங்கேதான் பலர் தவறு செய்கின்றனர். கடிதம் வந்த மறுநாளே கடினமான சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓடத் தொடங்குகின்றனர். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். மூச்சு வாங்குவது குறைந்ததும் உடல் தயாராகிவிட்டது என்ற எண்ணம் பிறக்கும். எலும்பின் கணக்கு வேறு. புதிய சுமையை உணர்ந்த எலும்பு முதலில் தன் பழைய பொருளைக் கரைத்து அகற்றுகிறது. அதன்பின்னரே புதியதைக் கட்டுகிறது. கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். இடைப்பட்ட வாரங்களில் கணுக்காலுக்கு மேலுள்ள முன்னெலும்பும் பாதத்தின் நீள எலும்புகளும் முன்னிலும் வலுக் குறைந்தே இருக்கின்றன. அந்நேரத்தில் தொடர்ந்து விழும் அடிகளால் மயிரிழை போன்ற விரிசல் தோன்றுகிறது. இதனைப் பிரஷ்ய இராணுவ மருத்துவர் பிரைத்ஹவுப்ட் 1855-இலேயே, நெடுந்தொலைவு நடந்த வீரர்களின் வீங்கிய பாதங்களில் கண்டு எழுதினார். எக்ஸ்ரே கருவி பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு.

ஆகவே வாரந்தோறும் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதும், வாரத்தில் ஒன்றிரண்டு நாட்கள் ஓடாமலிருப்பதும், தார்ச்சாலையைவிட மண் தரையைத் தேர்வதும் சோம்பலின் அடையாளங்கள் அல்ல. உணவில் பாலோ, கேழ்வரகோ, கீரையோ, முட்டையோ வீட்டின் வசதிக்கும் வழக்கத்திற்கும் ஏற்ப இடம்பெற வேண்டும். இரத்தசோகை நம் நாட்டுப் பெண்களிடையே பரவலாக இருப்பதால், பயிற்சிக்குச் செல்லும் பெண்கள் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இரும்புச்சத்துக் குறைவைச் சரிசெய்யச் சில மாதங்கள் தேவைப்படும். பயிற்சி தொடங்கியபின் அதற்கு அவகாசம் இராது.

சிறிய செய்திகள் சில

அணிவகுப்பு மைதானத்தில் ஆணைகள் இந்தியில் இடப்படுகின்றன. வகுப்பறையில் ஆங்கிலம் வழங்குகிறது. தென் மாநிலங்களிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவோர், 'சாவ்தான்', 'விஷ்ராம்' போன்ற சொற்களையும் அன்றாட இந்தி உரையாடலையும் ஓரளவு பழகிச் சென்றால், முதல் வாரங்களில் ஆணையைப் புரிந்துகொள்ளாமல் பெறும் தண்டனைகளில் பாதியைத் தவிர்த்துவிடலாம். துணி துவைத்தல், சலவைப் பெட்டி போடுதல், பொத்தான் தைத்தல், காலணிக்கு மெருகேற்றுதல் ஆகியவை வீட்டில் அன்னையர் செய்துவந்த வேலைகளாயின், அவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். விடியற்காலை எழுந்து பழகுதல் எல்லோரும் கூறும் அறிவுரை. இரவு உரிய நேரத்தில் உறங்கப் பழகுதலை யாரும் கூறுவதில்லை. காலைப் பயிற்சிக்குப்பின் நண்பகல் வகுப்பில் கண்ணயர்வதே பயிற்சி மாணவர்களின் ஓயாத போராட்டம் என்பது அந்நிலையங்களில் பணியாற்றிய எவரும் ஒப்புக்கொள்ளும் உண்மை.

மறைக்கப்படும் வலி

பயிற்சி நாட்களைப் பெருமளவில் தவறவிடும் மாணவர் அடுத்த அணிக்குப் பின்னிறுத்தப்படுவார். அதாவது உடன் வந்த நண்பர்கள் அதிகாரிகளாகத் தோளில் நட்சத்திரம் அணியும்போது, அவர் மேலும் ஒரு பருவம் பயில வேண்டும். இந்த அச்சத்தால் பலர் காலில் தோன்றும் வலியை மறைத்து ஓடுகின்றனர். இழப்பைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் இதை வேறுவிதமாகப் பார்ப்பர். தொடக்கத்திலேயே தெரிவிக்கப்படும் விரிசல் சில வார ஓய்வில் ஆறிவிடும். மறைக்கப்படும் விரிசல் முழு முறிவாகிவிடலாம். ஒருபுறம் ஆறு மாதங்கள், மறுபுறம் வாழ்நாள் முழுவதற்குமான பணி. இருப்பினும் பதினெட்டு வயதில் ஆறு மாதங்கள் மிகப் பெரிதாகவே தோன்றுகின்றன. வலி தோன்றியவுடன் மருத்துவரிடம் கூறுவது கோழைத்தனம் ஆகாது என்பதை வீட்டிலேயே சொல்லி அனுப்புவது, பெற்றோர் கொடுத்தனுப்பும் எந்தப் பொருளிலும் பயனுள்ளது.

காயத்தின் விளைவு காலோடு நிற்பதில்லை. பயிற்சியின்போது மாணவர் இன்னும் அதிகாரியாக நியமனம் பெறவில்லை. ஆகவே உடற்குறைபாட்டால் விடுவிக்கப்படும்போது முன்னாள் படைவீரர் என்ற நிலை அவருக்குக் கிட்டுவதில்லை. பயிற்சியால் விளைந்த அல்லது மிகுந்த குறைபாட்டிற்கு மாதந்தோறும் ரூ.9,000 கருணைத் தொகையும், முழு ஊனமாயின் அத்துடன் ரூ.16,200-உம் என 2025-க்கு முந்தைய தேர்வு அறிவிப்புகள் குறித்தன. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இத்தகையோரின் நிலையைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அதே மாத இறுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் பயனை அவர்களுக்கும் விரிவுபடுத்தப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்புதல் அளித்தது.

இத்தகைய கோரிக்கைகள் யாவற்றிலும் எழும் முதற் கேள்வி, குறைபாடு பயிற்சிக்கு முன்னரே இருந்ததா என்பது. எனவே சேர்க்கைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனை அறிக்கைகள், எக்ஸ்ரே படங்கள், தடுப்பூசிப் பதிவுகள் ஆகியவற்றின் நகல்களை ஓர் உறையிலிட்டு, பிறப்புச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் இருக்கும் பெட்டியிலேயே வீட்டில் வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.