தை பிறந்ததும் வேடந்தாங்கல்: கூடுகளின் காலத்தில் எப்போது போவது, எப்படி நிற்பது

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. ஏரி நிரம்பி நிற்கிறது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கீழ்க்கிளை முதல் உச்சிவரை கூடுகள் ஏறியிருக்கும் நேரம் இது. மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை வேடந்தாங்கலைப் பார்க்க ஏற்ற காலம். அடைகாக்கும் பறவை, அலகை அண்ணாந்து இரை கேட்கும் குஞ்சு, இன்னும் சுள்ளி சுமந்து வந்துகொண்டிருக்கும் சோடி எல்லாம் ஒரே மரத்தில் கண்ணில் படும். மனிதர்கள் மிகவும் அடங்கி நடக்கவேண்டிய காலமும் இதுவே. பொங்கல் விடுமுறைக்குத் திட்டம் போட்டிருப்பவர்கள் கிளம்பும் முன் சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாள். காணும் பொங்கலன்று போகாதீர்கள். அன்று ஏரிக்கரையில் கூட்டம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நகரும். பார்க்க வந்தவருக்கும் நிம்மதி இல்லை, பறவைக்கும் இல்லை. பொங்கல் முடிந்த அடுத்த வாரத்தில் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது என்றால், சனிக்கிழமை விடியலில் கதவு திறக்கும்போதே உள்ளே நுழைந்து, கூட்டம் சேரும் முன் வெளியே வந்துவிடுங்கள். மழை பொய்த்த ஆண்டில் ஏரியில் தண்ணீர் இருக்காது, பறவையும் வேறு நீர்நிலை தேடிப் போய்விடும். ஆகவே புறப்படும் முன் வனத்துறையைக் கேட்டுத் தண்ணீர் நிலவரத்தையும் திறந்திருக்கும் நேரத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் மதுராந்தகத்துக்கு முன்பாகப் படாளம் கூட்டுச்சாலையில் திரும்ப வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அங்கிருந்து உள்ளே போகும் சாலையில் ஹாரனைத் தொடாதீர்கள். தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் பறவைகளுக்காக விட்டுக்கொடுக்கும் ஊர் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, இங்கே சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கியவர்கள் அவ்வூர் மக்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் மதகு வழியாகப் பாயும் வயலில் உரச்செலவு குறையும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட உண்மை. சட்டமும், ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலும் பின்னால் வந்தவை. வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை மூன்றும் 2022-இல்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஊராரின் காவல் அதற்கு இருநூறு ஆண்டு மூத்தது. நாம் அங்கே விருந்தாளிகள். கரையில் பாட்டுப் போடுவதும், ஒருவரை ஒருவர் கூவி அழைப்பதும் அந்த வீட்டுக்குப் பொருந்தாத செயல்.

பார்க்க நல்ல நேரம் இரண்டு: விடிந்த முதல் இரண்டு மணி நேரம், மாலை நான்கு மணிக்கு மேல். காலையில் இரை தேடக் கிளம்புகிறவற்றைப் பார்க்கலாம். மாலையில் நான்கு திசையிலிருந்தும் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். ஒரு நேரம்தான் கிடைக்கும் என்றால் மாலையைத் தேர்ந்தெடுங்கள். வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்றால் நிறங்கள் தெளிவாகத் தெரியும். சூரியனை நோக்கி நின்றால் எல்லாப் பறவையும் கருநிழல்தான். பைனாகுலர் அவசியம். அங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போகாமல், கையோடு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும். அதற்கு மேல் போனால் கைநடுக்கம் காட்சியையும் சேர்த்து ஆட்டும். உடை காக்கி, பச்சை, பழுப்பு நிறங்களில் இருக்கட்டும். தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒரு சின்ன நோட்டு, ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’ போன்ற ஒரு தமிழ் நூல், இவ்வளவு இருந்தால் அரை நாள் போவதே தெரியாது.

புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பிழை, எல்லாப் பறவையையும் பார்த்துவிட வேண்டும் என்று கரையில் ஓடுவது. அரை மணி நேரம் ஒரே மரத்தின் எதிரே நில்லுங்கள். நத்தைகுத்தி நாரையின் அலகை உற்றுப் பாருங்கள். வாயை மூடியபோதும் மேலலகும் கீழலகும் நடுவில் ஒட்டாமல் வெளிச்சம் தெரியும். சுற்றுவட்ட நெல்வயல்களில் நத்தையைப் பிடித்து, ஓட்டை உடைக்காமல் உள்ளிருக்கும் சதையை உருவி எடுக்கும் அலகு அது. கூட்டில் இருக்கும் குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் உண்டாகும். தாயையும் குஞ்சையும் அருகருகே வைத்து இதைச் சரிபார்க்கலாம். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அவர்கள் அசையமாட்டார்கள்.

வெயில் ஏறியதும் மஞ்சள்மூக்கு நாரையின் கூட்டுக்குப் பைனாகுலரைத் திருப்புங்கள். தாய் சிறகுகளைப் பாதி விரித்து, வெயிலுக்கு முதுகைக் காட்டியபடி அசையாமல் நிற்கும். அதன் காலடியில் விழும் நிழலில் வெண்பஞ்சு போன்ற குஞ்சுகள் ஒடுங்கியிருக்கும். சூரியன் நகர நகர அதுவும் மெல்லத் திரும்பி நிற்கும். கூட்டுக்கு மேலே வேறு கூரை கிடையாது. இந்த நேரத்தில் கீழே யாரோ கைதட்டி, அந்தப் பறவை எழுந்து பறந்துவிட்டால் குஞ்சுகள் சுடுவெயிலில் கிடக்கும். முட்டை என்றால் காகம் எங்கோ பக்கத்தில்தான் காத்திருக்கும். ‘எல்லாம் ஒரே நேரத்தில் பறப்பதைப் படம் எடுக்க வேண்டும்’ என்று கல்லெறிகிறவர்களையும் கூச்சல் போடுகிறவர்களையும் கண்டால் தயங்காமல் தடுங்கள். சொல்லியும் கேட்கவில்லை என்றால் வனக்காவலரிடம் சொல்லுங்கள். இதில் முகதாட்சண்யம் வேண்டாம். நம் கையில் வந்து சேரும் ஒரு படத்துக்குக் கூட்டில் கொடுக்கப்படும் விலை மிக அதிகம்.

கரையை விட்டு இறங்காதீர்கள். டிரோன் கூடாது, பிளாஷ் கூடாது. செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் கூடாது. கூடுகளை நெருங்கிக் காட்டும் படங்களில், இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் குறிப்புகளைச் சேர்க்காமல் பகிருங்கள். தின்பண்டப் பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் போடுங்கள். நாரைகளும் கூழைக்கடாக்களும் பல மைல் பறந்து இரை தேடி வருபவை, நம் கைச்சோறு அவற்றுக்குத் தேவையில்லை. கரையோரத்தில் செத்த பறவையைக் கண்டால் தொடவேண்டாம், பிள்ளைகளையும் நெருங்கவிடாதீர்கள். ஊழியரிடம் இடத்தைச் சொன்னால் போதும்.

வாத்துகளைத் தேடி வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள வேடந்தாங்கல் மரத்தில் கூடு கட்டும் பறவைகளின் ஊர். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போல வடக்கே வெகுதூரத்திலிருந்து வலசை வருகிறவற்றுக்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். அவற்றுக்கு, பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கரிக்கிலிக்குப் போங்கள். அங்கே கூட்டமும் குறைவு. ஆனால் வாத்துகள் கூச்சம் மிகுந்தவை. கரைமேல் உங்கள் தலை தெரிந்ததும் ஏரியின் அக்கரைக்கு நகர்ந்துவிடும். குனிந்து ஏறி, புதர் மறைவில் உட்கார்ந்து காத்திருந்தால் கால் மணி நேரத்தில் தாமே திரும்பி வரும். சாயங்கால வேடந்தாங்கலுக்குத் துணையாகக் காலைக் கரிக்கிலியை வைத்துக்கொண்டால் ஒரு நாள் நிறைவாகப் போகும். என் சிபாரிசு அதுதான்.

பொங்கல் விடுமுறையில் என்ன செய்வது? உங்கள் ஊர் ஏரிக்குப் போங்கள். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழ்நாடெங்கும் பறவை ஆர்வலர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பை நடத்தி வருகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டதையும் கேட்டதையும் இனம்வாரியாக எண்ணி, இ-பேர்ட் தளத்தில் ஏற்ற வேண்டும். கட்டணம் இல்லை. யார் வேண்டுமானாலும் சேரலாம். காகமும் மைனாவும்கூடக் கணக்கில் சேரும். பெயர் தெரியாத பறவையை ஊகித்து எழுதாமல் விட்டுவிடுங்கள். மதகடியில் மீன்கொத்தி எத்தனை, தண்ணீரில் கழுத்தை மட்டும் காட்டி நீந்தும் பாம்புத்தாரா எத்தனை, கரையில் சிறகு விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் எத்தனை என்று வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு எண்ணுங்கள். முன்பு எந்தப் பறவை எவ்வளவு வந்தது என்பதை அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய சரணாலயங்களில் பதிவுகள் ஏராளமாக இருக்கின்றன. சிற்றூர் ஏரிகளில்தான் எழுதிவைக்க ஆளில்லை. இந்தப் பொங்கலுக்கு உங்கள் ஊர் ஏரியின் பட்டியல் ஒன்றாவது தளத்தில் ஏறட்டும். வேடந்தாங்கல் மாசிவரை காத்திருக்கும், அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம்.